நான்காவது பெயர்

சென்னை,
20.1.2025

அன்புள்ள பெரியம்மாள் அக்காவுக்கு,

எழில்மதி எழுதுகிறேன். வேலையில் சேர்ந்து பத்து நாளாகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயம் மட்டும்தான் இறங்கவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இலக்கியாவுக்குச் சளி விட்டதா? என்னைத் தேடி அழுகிறாளா? அழுகிறாள் என்று எழுதினாலும் எனக்குக் கஷ்டம், அழவில்லை என்று எழுதினாலும் கஷ்டம்தான். உள்ளதை எழுதுங்கள்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று மாமா சிரிக்கிறார். நம் மலையில் பாறைமேல் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும், ஏறினால் ஊரே பக்கத்தில் நின்று கேட்கும். நாம் இருவர் பேசுவது நமக்குள் இருக்க வேண்டாமா?

வேலையைச் சொல்கிறேன். பாட்டுக் கச்சேரி, கம்பெனி விழா, பெரிய இடத்துக் கல்யாண வரவேற்பு, எதுவானாலும் மேடை போட்டு, விளக்குக் கட்டி, முடிந்ததும் பிரிப்பது எங்கள் ஆட்கள். ஆட்டம் பாட்டமெல்லாம் முன்னால். நாங்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பின்னால். மேடைக்கு மேலே விளக்குகள் தொங்குகிற பெரிய சட்டம் இருக்கிறதே, அதை ட்ரஸ் என்கிறார்கள். நாலு மூலையிலும் நாலு சங்கிலி மோட்டார், மூலைக்கு ஓர் ஆள். நான் மேடையோரம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அந்த நாலு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒவ்வொருவரும் கீழே ஆளில்லை என்று பார்த்து, தன் வாயால் "க்ளியர்" என்று சொன்ன பிறகுதான் மோட்டார்காரருக்கு "இறக்கு" என்று நான் சொல்லலாம். இரண்டு டன் எடை அக்கா, என் ஒரு சொல்லுக்குக் கீழே வருகிறது. சூப்பர்வைசர் சிவசங்கர் சார் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பேர் சொல்லு, பதில் வாங்கு, அப்புறம் இறக்கு. இதுல ஒண்ணு வுட்டாலும் ஆள் காலி."

தமிழழகன், சுபாஷ், ஜீவா, இந்த மூன்று பேரைக் கூப்பிட்டுவிடுகிறேன். நாலாவது மூலையில் நிற்பது நம் மாமாவாயிற்றே! உங்கள் வீட்டுக்காரர், என் வீட்டுக்காரருக்கு அண்ணன். அவர் பெயரை நான் எப்படி வாயால் சொல்வேன்? ஒருநாள் "மாமா, க்ளியரா?" என்று கேட்டேன். ஹெட்செட்டில் இருந்த பதினைந்து பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அழுகையே வந்துவிட்டது. மாமாதான் வந்து, "வுடும்மா, உனக்கு வாய் வராது. நா டார்ச்ச ரெண்டு தபா ஆட்றேன், பாத்துக்கினு இறக்கச் சொல்லு" என்றார். அப்படியே ஓடுகிறது. சார் காதுக்கு இது போகவில்லை.

பாப்பாவை என் சார்பில் ஒரு தடவை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கச்சி
எழில்மதி


கரியாலூர் மலை,
3.2.2025

தங்கச்சி எழில்மதிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். பாப்பா சளி விட்டு ஓடிக்கொண்டிருக்கிறாள். முதல் நாலு நாள் அழுதாள், இப்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். உள்ளதை எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். சாமை அறுத்தாயிற்று, மரவள்ளி இன்னும் பிடுங்கவில்லை. உன் வீட்டுக்காரர் சின்னராசு குடகில் மிளகு பறித்துக்கொண்டிருப்பதாகப் போன வாரம் பாறைமேல் நின்று பேசினார்.

உன் கடுதாசியைப் படித்து ஒரு நாழிகை சிரித்தேன். கட்டிக்கொண்டு பதினாறு வருசமான நானே ரேஷன் கடையில் அவர் பேரைக் கேட்டால் கார்டை நீட்டிக் காட்டுகிறேன். நீ என்னடாவென்றால் பதினைந்து ஆம்பிளை கேட்க மூத்தார் பேரைச் சொல்லப் பார்த்தாயா? சொன்னாய் என்று மட்டும் கேள்விப்பட்டேன், மலையை விட்டு இறங்கி வந்து வாயிலேயே சூடு வைப்பேன். உன் சார் கிடக்கிறான். டார்ச்சே போதும்.

இன்னொன்று. இது விளையாட்டில்லை. போன வருசம் ஆனி மாசம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சாராயம் குடித்தவர்களை வரிசையாகக் கிடத்தியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்துதான் உன் மாமா நம் கோயிலில் கயிறு கட்டினார். இனிமேல் தொடமாட்டேன் என்று ஊர் முன்னால் சொன்ன சொல் அது. அதற்கு முன்னால் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். பட்டணத்தில் கூடவே இருப்பவள் நீ. நீதான் எனக்குக் கண்ணு. வாசனை வந்தால் மறைக்காமல் எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா
பெரியம்மாள்


சென்னை,
22.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் மாமாவும் சௌக்கியம். அங்கே எல்லாரும் அப்படியே இருக்க வேண்டும். முதல் சேதி முதலில்: மாமா டீயைத் தவிர எதையும் தொடுவதில்லை. வேலை முடிந்து மற்றவர்கள் கூப்பிட்டால் மணிக்கட்டைத் தூக்கிக் கயிற்றைக் காட்டுகிறார். "வூட்ல கேட்டா இன்னா சொல்றது?" என்பார். தமிழழகன் அவரை ‘சாமியார்’ என்றே கூப்பிடுகிறான். நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது. காலையில் வெறும் திடலாக இருந்த இடத்தில் சாயங்காலம் மேடை எழுந்து நிற்பதைப் பார்க்கும்போது, இதில் என் குரலும் இருக்கிறது என்று பெருமையாக இருக்கிறது. யாரிடம் சொல்வது, உங்களிடம்தான் சொல்ல முடியும். ஒன்றாம் தேதி பெரிய நிகழ்ச்சி. அது நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று சார் சொல்லியிருக்கிறார். சாமிக்கு ஒரு தேங்காய் உடையுங்கள் அக்கா.

எழில்மதி


சென்னை,
6.3.2025

அக்காவுக்கு,

இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாமாவுக்கு வலது கையில் அடிபட்டுவிட்டது. ட்ரஸ் இறக்கும்போது நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். அடுத்த வாரம் கம்பெனி ஆளோடு வண்டியில் அனுப்புகிறார்கள். கையைப் பார்த்து பயந்துவிடாதீர்கள். இங்கே ஆள் குறைவு, எனக்கு லீவு இல்லை, அதனால் நான் கூட வரவில்லை.

பாப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழில்மதி


கரியாலூர் மலை,
17.3.2025

எழில்மதிக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே நலம் என்று எழுத மனசு வரவில்லை.

அவர் வந்து சேர்ந்தார். மூன்று விரல் இல்லை. பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நான் அழுது முடித்த பிறகு, கூட வந்த ஆள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "தப்பா நெனச்சிக்காதம்மா, அவரு கொஞ்சம் போட்டுக்கினு வந்துட்டாரு. அதான் இப்டி ஆயிப்போச்சு."

இவரிடம் கேட்டேன். "இல்ல" என்றார். அவ்வளவுதான். எப்படி நடந்தது என்று கேட்டால், "எறக்கிட்டாங்க, கை மாட்டிக்கிச்சு" என்கிறார். எதற்கு இறக்கினார்கள், யார் இறக்கச் சொன்னார்கள் என்றால் எழுந்து ஆட்டுப்பட்டி பக்கம் போய்விடுகிறார். மணிக்கட்டில் கயிறும் இல்லை. எங்கே என்றால் ஆஸ்பத்திரியில் வெட்டியிருப்பார்கள் என்கிறார். நான் எதை நம்புவேன்?

நீ கூடவே இருந்தாய். ஒரு வரி எழுது போதும். குடித்திருந்தாரா, இல்லையா?

பெரியம்மாள்


கரியாலூர் மலை,
9.4.2025

எழில்மதிக்கு,

மூன்று வாரமாகத் தபால்காரரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனேன். நீ ஏன் பதில் போடவில்லை என்று இப்போது புரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிப் பையில் எக்ஸ்ரேவுக்கு அடியில் கம்பெனித் தாள் ஒன்று இருந்தது. ‘வேலை நேரத்தில் மது வாசனை வந்தது, எச்சரித்தும் கேட்கவில்லை’ என்று அச்சடித்திருக்கிறது. கீழே சாட்சி என்று உன் கையெழுத்து. எனக்கு நேராகச் சொல்ல உனக்கு மனசு வரவில்லை, அதனால்தான் சும்மா இருந்தாய். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உண்மையைச் சொல்ல நீ ஒருத்தியாவது இருந்தாயே என்று கும்பிட்டேன்.

கோயிலில் கட்டிய கயிறு என்பதால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நான்தான் போடச் சொன்னேன். நடுவில் நிறுத்தி, "குடிச்சியா?" என்று கேட்டார்கள். "இல்ல" என்றார். "பாத்தவங்க யாரு?" என்றார்கள். நான் தாளை நீட்டி, "எங்க எழில்மதி பாத்துக்கீறா, கையெழுத்தே போட்டுக்கீறா" என்றேன். அவர் அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பாப்பா என் இடுப்பில் இருந்தாள். அவளையும் பார்த்தார். அப்புறம், "ஆமா, குடிச்சேன். மன்னிச்சிருங்க" என்றார். சாமி முன்னால் கும்பிடச் சொன்னார்கள். அந்தக் கட்டுப் போட்ட கையோடு இரண்டு கையும் சேரவில்லை.

அன்றிலிருந்து அவரோடு எனக்குப் பேச்சில்லை. தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


சென்னை,
21.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இங்கே வெயில் அதிகம். மலையில் மழை உண்டா? பாப்பாவுக்கு இரண்டு கவுன் அனுப்பியிருக்கிறேன், அளவு பெரிதாக இருந்தால் தையல் போட்டுப் பிடித்துவிடலாம். எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. இப்போது வெளியூர் நிகழ்ச்சிகளுக்கும் அனுப்புகிறார்கள்.

மாமா சாப்பிடுகிறாரா? காயத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவரோடு பேசுங்கள் அக்கா. ஆயிரம் இருந்தாலும் அடிபட்டவர். இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை, வண்டி கிளம்புகிறது.

எழில்மதி


மூங்கில்துறைப்பட்டு,
12.5.2025

எழில்மதிக்கு,

ஊர் பேரைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே எல்லாரும் சௌக்கியம், பாப்பாவும்தான். பகலெல்லாம் அம்மா வீட்டுக் கன்றுக்குட்டியோடுதான் இருக்கிறாள்.

பேசு என்று எழுதியிருந்தாய். எதைப் பேசுவது? குடித்ததைக்கூட ஒரு கண்ணை மூடிக்கொள்வேன். என் முகத்தைப் பார்த்து "இல்ல" என்று சொன்னாரே, அதைத்தான் என்னால் முழுங்க முடியவில்லை. நம்பித்தானே அந்தக் கயிற்றுக்கு மஞ்சள் தடவிக் கொடுத்தேன். பதினாறு வருசத்தில் இப்போதுதான் ஒரு வருசம் தலை நிமிர்ந்து நடந்தேன். நான் கிளம்பும்போது ஆட்டுப்பட்டி பக்கம் நின்றிருந்தார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. பாப்பாவை எங்கே சேர்ப்பது என்று நீயும் சின்னராசுவும் பேசி எழுதுங்கள்.

பெரியம்மாள்


சென்னை,
24.5.2025

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நீங்கள் கேட்ட ஒரு வரியை இப்போது எழுதுகிறேன். மாமா குடிக்கவில்லை.

மார்ச் ஒன்றாம் தேதி பகல் மூன்று மணி. ஒத்திகைக்கு முன்னால் ட்ரஸ்ஸை இறக்கி ஒரு விளக்கை மாற்ற வேண்டும். மேடையில் புகை மெஷினைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், எதிர்ப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. தமிழழகன் க்ளியர் என்றான். சுபாஷ் என்றான். ஜீவா என்றான். நாலாவது மூலையைப் பார்த்தேன். புகைக்குள் ஒரு வெளிச்சம் ஆடியது. மாமாவின் டார்ச் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற மோட்டார்காரரிடம் "இறக்கு" என்று சொன்னேன். அது லைட்காரர் எதையோ தேடிக்கொண்டிருந்த டார்ச். மாமா குனிந்து கீழே இருந்த இரும்புக் கட்டையை நகர்த்திக்கொண்டிருந்தார். அவர் காதில் ஹெட்செட் இருந்தது அக்கா. செல்லமுத்து என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் கையை எடுத்திருப்பார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சிவசங்கர் சார் அந்தத் தாளைக் கொண்டுவந்தார். "நீ பேர் கூப்டல. கேஸ் ஆனா உன் மேலதான் வரும். உனக்குச் சின்னக் கொழந்தை இருக்குல்ல? கையெழுத்துப் போடு, முடிச்சிடலாம்" என்றார். நான் போட்டேன். உள்ளே மாமாவுக்கு விரலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே உட்கார்ந்து, வேலை போகவில்லை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

நான் கூப்பிடவில்லை என்று அவருக்குத் தெரியும். மயக்கம் தெளிந்ததும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "உன்ன எதுனா சொன்னாங்களாம்மா?" ஊர்க்கூட்டத்தில் என் கையெழுத்தைப் பார்த்த பிறகு அவர் ‘ஆமா’ என்றது யாருக்காக என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடிதத்தைப் படித்த அன்றே எழுதியிருக்க வேண்டும். கவுனும் வெயிலும் எழுதினேன்.

அன்று நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நேற்று ஆபீசில் கொடுத்தேன். "பழசக் கிளறாத" என்றார் சார். மாசக் கடைசிவரை இரு, பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். பார்க்க ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளின் நகலும், மாமாவின் கயிறும் இதற்குள் இருக்கின்றன. நர்ஸ் வெட்டிச் சட்டையோடு சேர்த்து என் கையில் கொடுத்தது. இவ்வளவு நாள் என் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன்.

ஆனி முதல் ஞாயிறு சின்னசேலத்தில் ரயில் இறங்கி வருகிறேன். ஊர் முன்னால் நானே சொல்கிறேன். அதற்குமுன் மலைக்குப் போங்கள் அக்கா. அவர் தனியாக இருக்கிறார்.

எழில்மதி


கரியாலூர் மலை,
11.6.2025

எழில்மதிக்கு,

உன் கடுதாசி வந்த மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். பாப்பா நன்றாக இருக்கிறாள். நேற்று இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அவர்தான் கூட்டிக்கொண்டு போனார்.

ஊர்க்கூட்டத்தில் நீ எழுதினதைப் படித்தேன். அதோடு நிறுத்தவில்லை. பேரைச் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று நான் உனக்கு எழுதினதையும் சொன்னேன். அந்த விரலில் எனக்கும் பங்கு இருக்கிறது, அதை உன் தலையில் மட்டும் கட்டமாட்டேன். கை போனது தெரியாமல் நடந்தது. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டபோது உன் கை நன்றாகத்தானே இருந்தது?

உன் கடுதாசியை அவரிடம் கொடுத்தபோது, "அந்தப் பொண்ண ஏன் அழ வெக்கிற? மன்னிச்சிட்டேன்னு எழுதிப் போடு" என்றார். அது அவர் சொன்னது, எழுதிவிட்டேன். என் பங்குக்கு அப்படி எழுத இன்னும் மனசு வரவில்லை. பொய் சொல்லி எழுதவா? ஞாயிற்றுக்கிழமை நீ வரவேண்டாம் என்கிறார். நான் வா என்கிறேன். வந்து உன் வாயால் சொல்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். வந்த அன்று சோறாக்கிக் குழம்பு ஊற்றித் தட்டை அவர் முன்னால் வைத்தேன். எத்தனையோ நாள் கழித்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிசைந்து ஊட்டலாம் என்று கையை நீட்டினேன். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இடது கையால் ஒரு பருக்கை சிந்தாமல் பிசைந்து சாப்பிட்டார். "வேணாம் வுடு, பழகிக்கினேன்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை எழில். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பெரியம்மாள்